ஈரக்கைக்கு எட்டாத சுவிட்ச்

குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து, மோதிர விரலால் சுவரில் ஒரு பொட்டு வைத்தார் என் நாத்தனார். பூச்சு வேலை முடிந்து சிமென்ட் வாசனைகூடப் போகாத குளியலறைச் சுவர் அது.

"செல்வி, சுவிட்ச் இங்கதான் வரணும். ஒரு விரக்கடை அப்படி இப்படி நகரக் கூடாது" என்றார்.

நான் பொட்டைப் பார்த்தேன். பிறகு அண்ணாந்து பார்த்தேன். ஷவருக்காக விட்டிருந்த குழாய், வாயில் மூடி போட்டுக்கொண்டு, பொட்டுக்கு நேர் மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணி, இது சுவிட்ச் வெக்கிற இடமா, குளிக்கிறவங்க முதுகு வெக்கிற இடமா?"

"அக்னி மூலைம்மா அது. வாஸ்து பாக்கறவரு காம்பஸ் வெச்சுப் பாத்துச் சொல்லிட்டுப் போயிருக்காரு. கரண்ட்டுன்னா நெருப்புதானே? அக்னி ஸ்தலத்துல குடியிருந்துகிட்டு அக்னி மூலையை விட்டுட முடியுமா?"

என் கையில், ஒயர் பதிக்கச் சுவரில் காடி எடுக்கிற மெஷின் இருந்தது. பிளக்கைச் சொருகியாயிற்று, பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. நான் பிளக்கைப் பிடுங்கினேன். ஒயரைச் சுருட்டி மெஷினைப் பைக்குள் வைத்தேன். "அங்க வெக்க மாட்டேன்" என்றேன்.

என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், நான் கொஞ்சம் வாய்க்காரி. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். ஆனால் கஸ்தூரி அண்ணியும் லேசுப்பட்டவர் இல்லை. என் வீட்டுக்காரருக்கு அக்கா. அவர் பிடித்த முயலுக்கு இரண்டே கால்தான்.

செங்கம் ரோட்டு எட்டு அறைகள்

கொரோனா அடங்கி, ஊருக்குள் மறுபடியும் கூட்டம் வர ஆரம்பித்திருந்த காலம். அண்ணியும் அவர் கணவரும் பல வருடம் மளிகைக் கடை வைத்து நிமிர்ந்தவர்கள். செங்கம் ரோட்டில், ஆசிரமங்களைத் தாண்டி உள்ளே போகும் சந்தில் அவர்களுக்கு ஒரு மனை இருந்தது. அதில் எட்டு அறைகளோடு ஒரு தங்கும் விடுதி கட்டினார்கள். கார்த்திகை தீபத்துக்குள் திறந்துவிட வேண்டும் என்பது திட்டம்.

மின்சார ஷவர் வைக்க வேண்டும் என்பது அண்ணியின் யோசனைதான். அதற்கு நான் அவரை மெச்சியே ஆகவேண்டும். பௌர்ணமி அன்று மலை சுற்றி வருகிறவர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் காலைத் தேய்த்துக்கொண்டு அறைக்குத் திரும்புவார்கள். ஒரு குடும்பத்தில் முதலில் நுழைகிறவர் கீசரில் இருக்கிற வெந்நீரை எல்லாம் ஊற்றிக்கொண்டு வந்துவிடுவார். அடுத்தவர் சோப்புப் போட்டுக்கொண்டு நிற்கும்போது பச்சைத் தண்ணீர் வரும். அப்புறம் வாசலில் வந்து சத்தம் போடுவார்கள். இந்த ஷவரில் அந்தச் சள்ளை இல்லை. திருகினால் வெந்நீர், திருகிக்கொண்டே இருந்தால் வந்துகொண்டே இருக்கும்.

அந்தக் கட்டடத்தின் மொத்த ஒயரிங்கும் என்னுடையது. அதுவரை இன்னொருவர் பேரில், இன்னொருவர் கையெழுத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். லைசன்ஸ் என் பேருக்கு வந்தபிறகு எடுத்த முதல் முழுக் கட்டடம் இதுதான். கேட்டில் நுழையும்போதெல்லாம் எனக்கு நடை கொஞ்சம் மாறிவிடும். மேஸ்திரி அதைக் கண்டுபிடித்துக் கிண்டலும் செய்தார். செய்துவிட்டுப் போகட்டும்.

பாக்கெட் வைத்த சுடிதார்

சில வாரங்களுக்கு முன் இதே பகுதியில் நான் ஏணியைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "புடவை கட்டிக்கொண்டு எப்படி ஏறினீர்கள்?" என்று பலரும் கேட்டிருந்தார்கள். புடவையில் ஏறவில்லை, அம்மாக்களே. சுடிதாரில்தான் ஏறினேன். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டால் அதுவே டூல்ஸ் பையைப் பிடித்துக்கொள்ளும்.

சுடிதாரில் இன்னொரு விசேஷமும் உண்டு. நான் கீழ்பென்னாத்தூர்க்காரி. ஐ.டி.ஐ.யில் வயர்மேன் பிரிவில் சேர்ந்தபோது எங்கள் வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். அங்கே ஒரு வாத்தியார், கரண்ட் இருக்கிற ஒயரைச் சோதிக்கும்போது ஒரு கையை எப்போதும் பேன்ட் பாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வார். இரண்டு கையும் வெளியே இருந்தால் ஒரு கை வழியாக ஏறி, நெஞ்சைத் தாண்டி, மறு கை வழியாக இறங்கிவிடும் என்பார். பையன்கள் எல்லாரும் கையை உள்ளே விட்டுக்கொண்டு ஜம்மென்று நின்றார்கள். எனக்குப் பாக்கெட் ஏது? அன்று சாயங்காலமே உட்கார்ந்து சுடிதாருக்கு ஒரு பாக்கெட் தைத்தேன். இன்றுவரை என் சுடிதார் எல்லாவற்றிலும் இடது பக்கம் பாக்கெட் இருக்கும். கடையில் வாங்கினாலும் தைத்த பிறகுதான் போடுவேன்.

இதையெல்லாம் சொன்னால் அண்ணிக்கு அப்போது பிடிக்காது. எங்கள் கல்யாணத்தில், "பொண்ணு இன்னா பண்ணுது?" என்று கேட்ட சொந்தக்காரர்களிடம் எல்லாம் "கரண்ட் ஆபீஸ்ல வேலை" என்று சொல்லி வைத்தவர் அவர். தம்பி பெண்டாட்டி ஏணியில் ஏறி விட்டத்தில் துளை போடுகிறாள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அவர்மேல் எனக்கு அதில் வருத்தம் இருந்தது. அப்படியிருந்தும் தன் கட்டடத்தை என் கையில் கொடுத்தார் என்றால், அதற்குள் என் வேலையை நாலு வீட்டில் பார்த்திருந்தார் என்று அர்த்தம்.

எதற்கு இத்தனை சண்டை?

ஒரு சுவிட்சுக்கா இவ்வளவு என்று உங்களுக்குத் தோன்றலாம். இது விளக்குப் போடுகிற சுவிட்ச் மாதிரி இல்லை. ஷவருக்குக் கரண்ட் கொண்டுவருகிற இரண்டு ஒயரையும் ஒரே தட்டில் துண்டிக்கிற பெரிய சுவிட்ச். ஐசொலேட்டர் என்போம். போட்டிருந்தால் அதில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். ஷவருக்குள் ஏதாவது கோளாறு என்றால், ரிப்பேர் பார்க்க வேண்டும் என்றால், முதலில் இதை அணைத்தாக வேண்டும். அதாவது, ஆபத்து வரும்போது கை தேடிப் போகிற சுவிட்ச். அதைத் தண்ணீருக்குக் கீழே கொண்டுபோய் வைத்தால்?

இதைத்தான் அண்ணியிடம் சொன்னேன். அவர் வாஸ்துக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அக்னி மூலைதாங்க, மாத்தக் கூடாதுங்க" என்றது போன்.

"சார், நான் ஒயரிங் பண்றவ பேசறேன்" என்றேன். "அந்த மூலையில ஷவர் வெக்கச் சொன்னது யாருங்க?"

"பிளம்பிங் லைன் அப்படி வந்துடுச்சுங்க. அதை ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

"நெருப்பு மூலையில தண்ணியை வெச்சீங்க, அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. அந்தத் தண்ணிக்கு அடியில கரண்ட்டை வெச்சா மட்டும் எல்லாம் சரியாப் போயிடுமாங்க?"

போனில் கொஞ்ச நேரம் இருமல் கேட்டது. அண்ணி போனை வைத்துவிட்டார்.

"பெரியவங்ககிட்டப் பேசற பேச்சா இது?" அவர் முகம் சிவந்துவிட்டது. "சொன்ன இடத்துல வெக்கிறதுன்னா வெய்யி. இல்லைன்னா சொல்லிடு, நான் வேற ஆளைப் பாத்துக்கறேன். எட்டு ரூமையும் ரெண்டு நாள்ல முடிச்சிட்டுப் போயிடுவான்."

"எங்க வெக்கணும்னு எனக்குத் தெரியுங்க அண்ணி. பாத்ரூமுக்கு வெளியில, கதவு பக்கத்துல. அதான் முறை. புஸ்தகத்துலயும் அப்படித்தான் போட்டிருக்குது."

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு அவர் படி இறங்கிப் போனார்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நல்ல மனுஷன். ஆனால் அக்காவுக்கும் எனக்கும் நடுவில் வந்தால் மதில்மேல் பூனைதான். விஷயத்தைச் சொன்னேன். "ரெண்டு பேரும் சேந்து எனக்கு ஷாக் குடுக்காம இருந்தா சரி" என்று சொல்லிவிட்டு வேனைத் துடைக்கப் போய்விட்டார்.

வேறு ஆள் வந்தால், குங்குமப் பொட்டைக் காட்டினால் போதும், வாயைத் திறக்காமல் அங்கேயே காடி எடுத்துவிடுவார். என்றைக்கோ ஒருநாள், எந்த ஊரிலிருந்தோ வந்த ஒருவர் அந்தச் சுவரில் கை ஊன்றுவார். என் கவலை அதோடும் நிற்கவில்லை. சொந்த நாத்தனாரே பாதியில் வேலையைப் பிடுங்கிக்கொண்டார் என்றால் இந்த ஊரில் எனக்கு அடுத்த கட்டடத்தை யார் கொடுப்பார்கள்? கரண்ட்டைவிட வேகமாகப் போகிறது எங்கள் ஊர்ப் பேச்சு.

சோமவாரத்து ஈரப்புடவை

திங்கட்கிழமை காலையில், பேசித் தீர்த்துவிடலாம் என்று அண்ணி வீட்டுக்குப் போனேன். வேலை போனாலும் பரவாயில்லை, அந்தப் பொட்டில் மட்டும் யாரையும் சுவிட்ச் வைக்க விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்வதாக இருந்தேன். ஆவணி மாதம். தேர் வீதியிலிருந்து பாத்திரக் கடைக்காரர்கள் ஷட்டர் தூக்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்திருந்தது. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம். கூடத்தில் உட்கார்ந்தேன்.

சோமவாரம் என்றால் அண்ணி தலைக்குக் குளித்துவிட்டு, ஈரப்புடவையோடு வந்து சாமிக்கு விளக்கேற்றுவார். பல வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். அன்றும் குளியலறைக் கதவு திறந்தது. தலையில் சுற்றிய துண்டிலிருந்து, புடவை முந்தானையிலிருந்து, முழங்கையிலிருந்து எல்லாம் தண்ணீர் சொட்ட வெளியே வந்தார். வந்தவர் நேரே விளக்குக்குப் போகவில்லை. சிக்கனக்காரர் அல்லவா? கதவுக்குப் பக்கத்தில், வெளிச் சுவரில் இருந்த கீசர் சுவிட்சை அணைக்கக் கையை நீட்டினார்.

"கை வெக்காதீங்க!"

நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. அண்ணி நீட்டிய கையோடு அப்படியே நின்றார். அவர் விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுந்ததை நான் பார்த்தேன். சுவிட்சின் ஓரம் உடைந்து, அதன்மேல் செல்லோடேப் ஒட்டியிருந்தது.

ஓடிப்போய் மெயினை அணைத்தேன். எனக்குக் கோபம் வந்தது. "தினமும் இப்படித்தான் அணைப்பீங்களா?"

"சோமவாரம், கிருத்திகை, பௌர்ணமி. மத்த நாள்ல துடைச்சுக்கிட்டுதான் வருவேன்" என்றார் சின்னக் குரலில். பிறகு தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "இதுவரைக்கும் ஒண்ணும் ஆனதில்லையே."

"சாமி காப்பாத்தியிருக்குது. உங்க லாட்ஜுக்கு வர்ற எல்லாரையும் அதே சாமிதான் காப்பாத்தணும்னு விட்டுடலாமா அண்ணி?"

அப்போதுதான் எனக்கே ஒன்று உறைத்தது. கதவுக்கு வெளியே, பக்கத்துச் சுவரில்! புத்தகத்தில் போட்டிருக்கிற இடத்தில்தான் அந்தச் சுவிட்சும் இருந்தது. புத்தகம் எழுதியவர் ஊரில் குளிக்கிறவர்கள் உள்ளேயே துவட்டி, உடுத்திக்கொண்டு வெளியே வருவார்கள்போல. எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் வேண்டுதலுக்காகவே ஈரத்தோடு வெளியே வருகிறவர்கள். அந்த எட்டு அறைகளிலும் தங்கப்போவது பாதிக்குமேல் அவர்கள்தான்.

அண்ணியின் பொட்டும் வேண்டாம், என் புத்தகமும் வேண்டாம் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தேன். "துணி மாத்திக்கிட்டு வாங்க அண்ணி, கட்டடத்துக்குப் போலாம்" என்றேன்.

விளக்கை ஏற்றிவிட்டு அவர் துணி மாற்றப் போனார்.

ஈரம் போன வழி

கட்டடத்தில் முதல் அறைக்குள் இரண்டு பேரும் நின்றோம். டைல்ஸ் போடாத சிமென்ட் தரை, காய்ந்து வெளுத்துக் கிடந்தது. "நீங்க இந்த ரூமுல தங்க வந்திருக்கறதா நெனச்சுக்குங்க. குளிச்சிட்டு ஈரத்தோட வர்றீங்க. எங்க போவீங்க?" என்று கேட்டேன்.

அண்ணி யோசித்தார். வெளியே போனார். சுவர் நனைக்க வைத்திருந்த டிரம்மிலிருந்து இரண்டு சொம்பு தண்ணீரை மொண்டு, முழங்காலுக்குக் கீழே ஊற்றிக்கொண்டு, புடவையைச் சொருகியபடி குளியலறைக்குள் போய்த் திரும்பி வந்தார். தரையில் ஈரக் காலடி பளிச்சென்று விழுந்தது.

"மொதல்ல விபூதி" என்று கண்ணாடி வரப்போகும் இடத்துக்கு நடந்தார். "ஈரத்தோட பூசினாத்தான் நெத்தியில நிக்கும். கண்ணாடி கிட்ட வேணாம்." அங்கிருந்து ஜன்னலுக்குத் திரும்பினார். "இங்கிருந்து மலை தெரியுது. ஒரு கும்பிடு." ஜன்னல் கம்பியை ஒட்டி நின்று உண்மையாகவே கும்பிட்டார். "இந்தப் பக்கமும் வேணாம்." பிறகு கட்டில் வரும் இடம். "இங்க பை இருக்கும். இங்கதான் துணி மாத்துவேன். கட்டில் பக்கமும் வேணாம்."

நான் சாக்பீஸோடு அவர் பின்னாலேயே போய், வேண்டாம் என்ற இடத்தில் எல்லாம் சுவரில் பெருக்கல் குறி போட்டேன். மேஸ்திரி வாசலில் நின்று, இரண்டு பொம்பளைகளும் என்ன செய்கிறார்கள் என்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அறையின் வாசல் கதவுக்கு வந்தோம். அங்கே வரும்போது கால் காய்ந்து, தரையில் ஈரக் காலடி விழவில்லை.

"இங்க வெய்யி" என்றார் அண்ணி. "பூட்டிக்கிட்டு வெளியில போறப்போ சிவப்பு லைட்டு கண்ணுல படும். அணைச்சிட்டுப் போவாங்க. கரண்ட்டும் கம்மியா ஆவும்."

"ஈரத்துணியோடவே கோயிலுக்குக் கிளம்பறவங்க இருந்தா?"

"ஈரத்துணியோட வந்தா எந்த ஆட்டோக்காரன்மா ஏத்துவான்?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

வாசல் கதவுக்கு உள்பக்கம், ஃபேன் சுவிட்சுகளுக்கு மேலே, சின்னப் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் எட்டு அறைகளிலும் வைத்தேன். கொஞ்சம் ஒயர் ஜாஸ்தி பிடித்தது. கரண்ட் கசிந்தால் தானே விழுகிற பிரேக்கரும் தனியாக வைத்தேன். "அதான் இது இருக்குதே, அப்புறம் சுவிட்ச் எங்க இருந்தா இன்னா?" என்று மேஸ்திரி கேட்டார். காவலுக்கு நாய் இருக்கிறதென்று கதவைத் திறந்து போட்டுக்கொண்டு தூங்குவீர்களா என்று கேட்டேன். எர்த்துக்குக் குழி எடுக்கும்போது பக்கத்திலேயே நின்றேன். ஒவ்வொரு அறையிலும் நானே ஷவரைத் திறந்து, நானே நின்று பார்த்தேன். எட்டாவது அறையில் வெந்நீர் தோளில் விழுந்தபோது, இதை நான் செய்தேன் என்று எனக்கு நானே உரக்கச் சொல்லிக்கொண்டேன். யாராவது கேட்டிருந்தால் கேட்டிருக்கட்டும்.

அக்னி மூலை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வாஸ்துக்காரரிடம் அண்ணியே பேசிக்கொண்டார். அந்த மூலையில் ஒரே ஒரு சிவப்பு டைல்ஸ் பதித்தால் போதும், பரிகாரம் ஆகிவிடும் என்று அவர் இறங்கி வந்தார். இன்றும் அந்த விடுதியில் எல்லாக் குளியலறையிலும் வெள்ளை டைல்ஸுக்கு நடுவே ஒரு சிவப்பு டைல்ஸ் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

தாம்பாளத்தில் வந்தது

தீபக் கொடியேற்றத்துக்குச் சில நாள் முன்பு கிரகப்பிரவேசம். பால் காய்ச்சி முடிந்து, வாசலில் நாற்காலி போட்டு, கட்டடத்தில் வேலை செய்தவர்களுக்கு மரியாதை செய்தார்கள். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். மேஸ்திரி, ஆசாரி, பெயின்டர், பிளம்பர் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வேட்டியும் துண்டும் வைத்துக் கொடுப்பார்கள். நான் உள்ளே வீட்டுப் பெண்களோடு கேசரி கிளறிக்கொண்டிருந்தேன். தம்பி பெண்டாட்டிக்கு எடுத்த புடவையைக் காலையிலேயே அண்ணி கொடுத்துவிட்டார். அதைத்தான் கட்டிக்கொண்டிருந்தேன்.

"செல்வி எங்க? செல்வியைக் கூப்பிடுங்க!" என்று வாசலிலிருந்து அண்ணி குரல். கரண்டியைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போனேன். பிளம்பருக்கு அடுத்த நாற்காலி காலியாக இருந்தது.

"உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். தாம்பாளத்தை நீட்டினார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம். அதன்மேல் மடிப்புக் கலையாத வேட்டியும் துண்டும்.

சொந்தக்காரப் பெரியம்மா ஒருவர் பதறிப்போனார். "இன்னா கஸ்தூரி, பொம்பளைக்குப் போய் வேட்டி வெச்சுக் குடுக்கறே? புடவை இல்லையா?"

"புடவை என் தம்பி பொண்டாட்டிக்குங்க. அதைக் காலையிலயே குடுத்துட்டேன்" என்றார் அண்ணி. வாசலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "இது எங்க எலக்ட்ரீஷியனுக்கு."

நான் எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது. மேஸ்திரி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். நானும் என் துண்டை எடுத்து, புதுப் புடவைக்கு மேல் தோளில் போட்டுக்கொண்டு, சாப்பாட்டுப் பந்தி முடிகிறவரை அப்படியே வளைய வந்தேன்.

வீட்டுக்குத் திரும்பியதும், "நல்ல வேட்டியா இருக்குதே, நீ இன்னா பண்ணப் போறே, எனக்குக் குடு" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

கொடுக்கவில்லை.